அந்தியூருக்கு மேலே

ஈரோட்டிலிருந்து வடக்கே கிளம்பிய அரசுப் பேருந்து சித்தோட்டைத் தாண்டிப் பவானிக்குள் நுழையும்போது நன்றாக விடிந்திருந்தது. கூடுதுறைக்குப் போகிறவர்கள் பூக்கூடையும் தேங்காய்ப் பையுமாக இறங்கினார்கள். ஏறியவர்களில் பாதிப்பேர் கையில் வெற்றுக் கூடை வைத்திருந்தார்கள். அந்தியூரில் வெற்றிலைக் கட்டு வாங்கப் போகிறவர்கள். பருவாச்சியைத் தாண்டியதும் கரும்பும் வாழையும் மஞ்சளுமாகப் பச்சை கட்டிக்கொண்டது. அதற்கு மேலே, வடமேற்கில், நீலமாக ஒரு மலைவரிசை. பர்கூர் மலை.

நடத்துநரிடம் பேச்சு வாக்கில் காரியத்தைச் சொன்னேன். மலையில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் இருக்கிறார், அரசுப் பணத்தில் படித்தவர், அவர் செய்யும் வேலையைப் பார்க்கப் போகிறேன் என்று. அவர் சீட்டுக் கட்டை அக்குளில் செருகிக்கொண்டு நின்றுவிட்டார். “பெருந்துறை மெடிக்கல் காலேஜ் தெரியுமுங்களா? அது எங்க சம்பளத்துல புடிச்ச காசு போட்டு வளர்ந்ததுங்க” என்றார்.

உண்மைதான். பெருந்துறையில் காசநோயாளிகளுக்கான பழைய சானடோரியம் இருந்த இடத்தில் 1992இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியை நடத்தியது சாலைப் போக்குவரத்து நிறுவனம். ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர்களின் பங்களிப்பும் அதில் சேர்ந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடும் இருந்தது. பிற்பாடு அரசே எடுத்துக்கொண்டு, இன்று அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. ஒரு மருத்துவர் உருவாவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய கூலியும் சம்பளமும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்க அந்த நடத்துநரின் ஒரு வரி போதும். அந்தியூர் வரும்வரை அதே நினைப்பாக இருந்தது.

நான் தேடிப்போனவர் பெயரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டது அது. அப்பா ஜமுக்காளம் நெய்கிறவர். குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து நாளெல்லாம் கட்டையைத் தள்ளுகிறவர். அம்மா நூல் சுற்றுகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. நீட் தேர்வில் முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை எழுதிய ஆண்டு 2020.

அந்த ஆண்டை இந்த மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை, தமிழ்நாடு முழுவதையும் சேர்த்தே, விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் அமைந்த ஆணையம் பத்து சதவீத இடத்தை அவர்களுக்கென ஒதுக்கச் சொன்னது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்தது. செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா ஆளுநரின் ஒப்புதலுக்காகக் கிடந்து, அக்டோபர் கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் மருத்துவத்தையும் சேர்த்து அந்த முதல் ஆண்டில் ஏறத்தாழ 400 இடங்கள்.

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் வந்த பிள்ளைகள் சிலர், கட்டணத்தைக் கேட்டதும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். செய்தி வெளியே வந்த பிறகே அரசு முன்வந்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தானே ஏற்பதாக அறிவித்தது. நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில் அந்த அறிவிப்பு என்ன செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். “அப்பா அன்னிக்குத் தறிக்கே போகலைங்க சார். சும்மாவே உக்காந்துட்டு இருந்தாரு” என்றார் அவர். அந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் நாலரை ஆண்டுப் படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜன்களாகவும் ஆகிவிட்டார்கள்.

இப்போதைய விதிப்படி ஓராண்டுப் பயிற்சியில் பன்னிரண்டு வாரம் சமூக மருத்துவத்துக்கு. மற்ற துறை எதற்கும் இவ்வளவு நீண்ட காலம் கிடையாது. பொது மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும்கூட ஆறாறு வாரம்தான். ஆனால் மாணவர் விடுதிகளில் இந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் வருத்தமாக இருக்கும். பலருக்கும் அது மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் புரட்டுகிற காலம். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் திரும்பிவிடலாம் என்ற பேச்சு எந்தக் கல்லூரியிலும் காதில் விழும். நான் தேடிப்போன பெண் அப்படி இல்லாமல் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கி, கிராம சுகாதாரச் செவிலியரின் பின்னால் நடந்து கற்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம்.

அந்தியூர்ப் பேருந்து நிலையத்தில் அவரும் செவிலியரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வெற்றிலை வாசம் ஊரையே சுற்றிக்கொண்டிருந்தது. கொடிக்காலில் அகத்தி மரத்தைப் பற்றி ஏறும் கொடியிலிருந்து கிள்ளி, அடுக்கி, வாழைச் சருகில் கட்டி வருகிற கட்டுகள். ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி திருவிழாவுக்குக் குதிரையும் மாடும் இறங்கும்போது இந்த ஊர் வேறு மாதிரி இருக்கும். தமிழ்நாட்டின் பெரிய குதிரைச் சந்தை அது. சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வரும் பர்கூர் மாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், ஒடுங்கிய முகம், நின்ற இடத்தில் நிற்காத கால். அன்றைக்கு நாங்கள் போனது திருவிழாக் காலமும் இல்லை, சந்தை நாளும் இல்லை. மூன்று பேரும் தேநீர் குடித்துவிட்டு மேலே போகும் பேருந்தில் ஏறினோம்.

வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. அணை நீர்த்தேக்கத்துக்கு மாலையில் யானைகள் இறங்கும். செவிலியர் அக்கா ஜன்னல் பக்கம் கை காட்டி, எந்தத் திருப்பத்தில் எந்தக் கருவேலத்துக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு யானை நின்றது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. இந்தச் சாலை பர்கூர் வழியாகக் கர்நாடகத்துக் கொள்ளேகாலத்துக்குப் போகிறது. சரக்கு லாரிகள் முனகிக்கொண்டு ஏறுகின்றன. சாலையோரத்து ஊர்களுக்கு வண்டி வசதி ஒருவாறு உண்டு. சாலையை விட்டு உள்ளே போகும் ஊர்களுக்குக் கால்தான் வண்டி.

தாமரைக்கரையில் இறங்கினோம். கன்னடமும் தமிழும் கலந்து காதில் விழுந்தது. மலையில் லிங்காயத்துகள் இருக்கிறார்கள், மாட்டுப்பட்டி வைத்துப் பிழைப்பவர்கள். சோளகர்கள் இருக்கிறார்கள், இந்தக் காட்டின் மூத்த குடி. மலையாளிகள் என்று பெயர் பெற்ற மலைவாழ் மக்களும் இருக்கிறார்கள். பட்டியலினத்தவரும் உண்டு. ராகி, மக்காச்சோளம், கொஞ்சம் பயறு. காட்டிலிருந்து தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமார்ப்புல். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் 80,567 எக்டேரைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. மாடு மேய்க்கும் உரிமை என்னாகும் என்ற பயம் பட்டிக்காரர்களுக்கு இருக்கிறது. மாடு போனால் பால் போகும், பால் போனால் குழந்தையின் கைச்சுற்றளவு குறையும் என்று செவிலியர் ஒரே மூச்சில் சொன்னார். காட்டைக் காப்பதும் வேண்டும்தான். அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் இந்த அக்காவின் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

தாமரைக்கரையிலிருந்து மண்பாதையில் நடந்தோம். ஹவுஸ் சர்ஜன் வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். இங்கே சீருடை என்றால் மூத்தவர்கள் இன்னும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தில் இந்த மலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் மக்கள் பட்டது ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலாக 2004இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டார். இருபது ஆண்டு போயும் உடம்பில் அந்தப் பயம் இருக்கிறது. கோட்டைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டேன். “அக்காதாங்க. முதல் நாளே சொல்லிட்டாங்க. வீட்டு வாசல்ல செருப்பை எங்க விடணும்னும் சொன்னாங்க” என்றார்.

இனி நான் பார்த்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதல் வீட்டில் ஒரு கர்ப்பிணி. ஏழாம் மாதம். செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து, “ஊட்டா ஆய்தா?” என்று கன்னடத்தில் கேட்டார். சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. அடுப்பைப் பார்த்தார். சட்டியைத் திறந்து பார்த்தார். ராகிக் களி இருந்தது, குழம்பு இல்லை. இரும்புச்சத்து மாத்திரை அட்டையைக் கேட்டார். அட்டை ஏறக்குறைய முழுசாக இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் வாய் கசக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் பயம். பயிற்சி மருத்துவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், ரத்தம் இல்லை என்று தமிழிலும், பிறகு தானே கற்ற பத்துக் கன்னட வார்த்தைகளிலும் சொன்னார். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து அளந்தார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை. 7க்குக் கீழே போனால் ஆபத்து. இந்தப் பெண்ணுக்கு 8.2.

கல்லூரி வார்டில் இதே 8.2 ஒரு தாளில் எழுதிய எண்ணாக வரும். ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றும்படி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடலாம். இங்கே அந்த எண்ணுக்குப் பின்னால் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஊசிக்குக் கீழே வர வேண்டும். வந்தால் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? கணவர் கரும்பு வெட்டுக்குப் போயிருக்கிறார், அவர் வரும் நாள் எது? மாமியார் சரி என்பாரா? மருத்துவர் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தன் நோட்டில் எழுதினார். செவிலியர் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடினார். மாமியாரிடம் பேசும்போது அவர் குரல் மாறியது. மகளிடம் பேசுவது போல இல்லை, சம்பந்தியிடம் பேசுவது போல. கடைசியில், வாரக் கடைசியில் கணவர் வந்ததும் அழைத்து வருவது என்று முடிவானது. பிரசவத்துக்கு முன்பே கீழே வந்து, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென இருக்கும் காத்திருப்பு அறையில் தங்குவது பற்றியும் பேச்சு எடுத்தார். உடனே பதில் இல்லை. “இன்னிக்கு விதை போட்டாச்சு. அடுத்த தடவை தண்ணி ஊத்தலாம்” என்றார் வெளியே வந்ததும்.

காத்திருப்பு அறையின் அருமை, வலி வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் தெரியும். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வண்டி தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். மலைப்பகுதியில் இருபதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மூவாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது நாட்டின் விதி. சமவெளியில் அது முப்பதாயிரமும் ஐயாயிரமும். மலைக்குச் சலுகை காட்டிய விதிதான். ஆனாலும் தலையை எண்ணுகிற விதி தூரத்தை எண்ணுவதில்லை. மூவாயிரம் பேர் ஒரே ஊரில் இருப்பதும், பதினைந்து குக்கிராமங்களில் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிதறிக் கிடப்பதும் ஒன்றா?

அடுத்த வீடுகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் மாத்திரைப் பொட்டலம் இங்கேயும் வந்து சேருகிறது. ஒரு பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார், இரண்டு மடங்கு நாளைக்கு வரட்டும் என்று. அவரைத் திட்டாமல் உட்கார வைத்துப் பேசினார் மருத்துவர். பெரியவர் போகும்போது, “சரி கண்ணு, முழுசாவே போட்டுக்கறேன்” என்றார்.

ஒரு களத்து மேட்டில் உட்கார்ந்தபோது பாம்புக்கடி பற்றிப் பேச்சு வந்தது. முந்தைய வாரம் இரவில் ஒரு சிறுவனைத் தூக்கி வந்திருக்கிறார்கள். காலில் கடிவாய், வீக்கம். என்ன பாம்பு என்று தெரியாது. சுகாதார நிலையத்தில் அப்போது இருந்தவர்கள் பணி மருத்துவரும் இவரும். புதிய, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சிறுவனின் ரத்தம் இரண்டு மில்லி எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரு தரம் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஒரு வழி, தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் என்று அர்த்தம், உடனே விஷமுறிவு மருந்து. ஆயிரம் ரூபாய்க் கருவி கூடத் தேவையில்லாத சோதனை. “அந்த இருபது நிமிஷம் குழாய்கிட்டயே நின்னேன் சார். காலேஜ்ல இதைப் படிச்சு மார்க் வாங்கியிருக்கேன். குழாயைச் சாய்ச்சப்ப ரத்தம் ஓடுச்சு பாருங்க, அப்பத்தான் படிச்சது புரிஞ்சுது.” சிறுவன் பிழைத்துக்கொண்டான். கட்டுவிரியன் என்றால் இந்தச் சோதனையும் ஏமாற்றும். அது கடித்தால் வலியும் தெரியாது, வீக்கமும் இராது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், கண்ணிமை இறங்கும். அதைக் கண்டுபிடிக்க இமையைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நல்ல காரியம். இனிமேலாவது இந்த மலையின் கணக்கு தாளில் ஏறும்.

சோளகர் ஊரில் வேறொரு வேலை காத்திருந்தது. அரிவாள்செல் சோகை. ரத்த அணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும் பரம்பரைக் கோளாறு. கை கால் மூட்டில் தாங்க முடியாத வலி, அடிக்கடி காய்ச்சல், சோகை. இந்தியாவில் இது இருப்பதை முதலில் கண்டது நம் பக்கத்திலேயே, 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கம் வந்தது 2023 ஜூலையில். இடையில் எழுபது ஆண்டு. அந்த எழுபது ஆண்டும் மலைக் குழந்தைகள் மூட்டு வலிக்குச் சாமியாடியிடமும் வலி மாத்திரைக் கடையிலும் நின்றார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இந்த மலைக்கு வடமேற்கே, எல்லைக்கு அப்பால் பி.ஆர். ஹில்ஸ். அங்கே சோளகர்களின் உறவினரான சோலிகர்களிடம் போய்ச் சேர்ந்தவர் டாக்டர் எச். சுதர்சன். பெங்களூரில் படித்துவிட்டு, 1981இல் பழங்குடிகளுக்கென விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். பாம்புக்கடி, காட்டு விலங்குத் தாக்குதல், அரிவாள்செல் சோகை, எல்லாவற்றுக்கும் அங்கேயே மருத்துவம், பிறகு பள்ளி, பிறகு வேலைப் பயிற்சி. 1994இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். நம் பக்கம் தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்து மருத்துவமனையை வளர்த்தார்கள். இவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் தானாகத் தோன்றுவார்கள் என்று ஒரு மாநிலம் காத்திருக்க முடியாது. மலைக்கு மருத்துவர் வேண்டுமென்றால் அவரை மலைக்காகவே தேர்ந்தெடுத்து, மலையிலேயே வளர்க்க வேண்டும்.

ஜப்பான் அதைச் செய்தது. 1972இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, 47 மாகாணங்களிலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களாக எடுத்தது. படிப்புச் செலவை மாகாணம் கடனாகக் கொடுக்கும். படித்து முடித்தவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு தன் மாகாணத்தில் அது அனுப்பும் இடத்தில் வேலை செய்தால் கடன் தள்ளுபடி. நம்மிடமும் வேலூர் சி.எம்.சி.யில் இதற்கொரு பழைய வடிவம் உண்டு. அந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909இலேயே காரில் கிராமச் சாலையோரங்களுக்குப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர். திருச்சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் முன்மொழிந்து அனுப்பும் மாணவர்கள், படித்து முடித்ததும் தங்களை அனுப்பிய அமைப்பின் மருத்துவமனையில் இரண்டாண்டு பணிபுரிய வேண்டும். முதலாண்டு மாணவர்களே கிராமத்தில் போய்த் தங்கி வீடுவீடாகக் கணக்கெடுப்பார்கள். தொலைதூரப் பகுதிகளுக்கு மருத்துவர் கிடைக்க என்ன வழி என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்த பரிந்துரைகளும் இதைத்தான் சொல்கின்றன. கிராமத்துப் பிள்ளைகளைச் சேருங்கள், படிக்கும்போதே கிராமத்துக்கு அனுப்புங்கள், உதவித்தொகை கொடுத்து அதற்கு ஈடாகச் சேவை கேளுங்கள்.

இந்த மூன்றில் முதலாவதைத் தமிழ்நாடு 7.5 சதவீதத்தில் தொட்டுவிட்டது. பணமும் கொடுத்துவிட்டது. நடுவில் உள்ளதுதான் நொண்டுகிறது. 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, நாட்டுக்குச் சமூக மருத்துவர்கள் வேண்டும், படிப்பிலேயே தடுப்பு மருத்துவத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள் என்றது. இன்றைய பன்னிரண்டு வாரம் கணக்கில் அதேதான். 2022 முதல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களே ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முடியும் வரை பின்தொடர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டிருக்கிறது. நல்ல விதி. பேருந்து கொடுத்து, வாத்தியாரைக் கூட அனுப்பி, இரவு தங்க இடம் கொடுத்தால் அது படிப்பு. ஐம்பது பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு தெருவில் இறக்கி, படிவத்தை நிரப்பி, படம் எடுத்துத் திரும்பினால் அந்தத் தெரு மக்களுக்கும் அலுப்பு, மாணவருக்கும் அலுப்பு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தில் படித்தவர்களைப் பத்திரம் எழுதி வாங்கிக் கட்டாயப்படுத்தி மலைக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அப்படி வந்தவர் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெசவாளி மகளையும் கூலிக்காரர் மகனையும் கல்லூரிக்குள் கொண்டுவந்த பிறகு, ஐந்தாண்டும் நகரத்து வார்டிலேயே வைத்து, வெற்றி என்றால் மேற்படிப்பும் கார்ப்பரேட் மருத்துவமனையும்தான் என்று கற்றுக்கொடுத்தால், அவர்களும் அதைத்தானே விரும்புவார்கள்? அதில் அவர்கள் தப்பு என்ன? அவர்களைக் கிராமத்தில் வைத்து, நல்ல ஆசிரியரின் கீழ் பயிற்றுவிக்க வேண்டும். அந்த ஆசிரியர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தச் செவிலியர் அக்காவைப் போன்ற ஒருவருக்கு மருத்துவக் கல்லூரியில் பயிற்றுநர் என்ற இடமும் அதற்கான ஊதியமும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மதியம் ஒரு வீட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தார்கள். அங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் மருத்துவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்தாள். “நானும் படிக்கலாமுங்களாக்கா?” என்றாள். மருத்துவர் நீட் பற்றியும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் ஒதுக்கீடு உண்டு என்பதையும் சொன்னார். பழங்குடி மாணவருக்கான உதவித்தொகையும் உண்டே என்று நான் குறுக்கிட்டேன். அவளுடைய அப்பா தலையசைத்தார். அவர்கள் மலையாளிகள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற இனம் இருக்கிறது. ஆனால் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு என்று போட்டிருக்கிறது. பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோடும் இல்லை. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் மேட்டூர்ப் பக்கத்து மலையில் இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ், இந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்குக் கிடையாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஒரே சனம். பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்பது உண்மை. அதற்காக ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொரு தலைமுறையும் பள்ளியோடு நிற்க வேண்டுமா? நடுவில் போட்ட ஒரு மாவட்ட எல்லையை வைத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பிரிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு மருத்துவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. “சான்றிதழ் வரட்டும், வராம போகட்டும். நீ இப்ப கணக்குல எத்தனை மார்க், அதைச் சொல்லு.” தன் கைபேசி எண்ணை நோட்டில் எழுதிக் கொடுத்தார். தான் படித்த பழைய புத்தகங்களை அடுத்த தடவை அக்காவிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

இறங்கும்போது பேருந்தில் கூட்டம். மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். மேற்படிப்பு என்னவாக இருக்கும் என்று கேட்டேன். முதலில் அரசுப் பணிக்கான தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர வேண்டும், சில ஆண்டு கழித்துப் பணியில் உள்ளவர்களுக்கான இடத்தில் மகப்பேறு மருத்துவம் படிக்க வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு மேற்படிப்பு இடங்களில் பாதி, அரசு மருத்துவர்களுக்கென இருந்தது. மலையிலும் தொலைதூரத்திலும் வேலை பார்த்தால் ஊக்க மதிப்பெண். நடுவில் அந்த ஒதுக்கீட்டுக்குத் தடை வந்து, 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மலையில் இவ்வளவு மருத்துவர்கள்கூட இருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். “மலைக்கே கேப்பீங்களா?” என்றேன். “கேப்பேனுங்க. குவார்ட்டர்ஸும் தண்ணியும் இருந்தாப் போதும். ராத்திரி கேஸ் வந்தா அனுப்ப ஒரு வண்டி வேணும்” என்றார்.

செவிலியர் அதுவரை தன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அரிவாள்செல் பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு அன்று காலை வந்திருந்தது. ஓர் இளம் தம்பதியில் இருவருக்கும் அந்தக் கூறு இருக்கிறது. அவர்களுக்கு நோய் கிடையாது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய் வர. திருமணமாகிச் சில மாதம்தான் ஆகிறது. போய்ச் சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல். கர்ப்பம் தரித்ததும் உடனே வந்து பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

“எனக்குச் சனிக்கிழமையோட போஸ்டிங் முடியுதுங்கக்கா” என்றார் மருத்துவர்.

“திங்கக்கெழமை புதுசா ஒரு பையன் வரான்ல? நீ வெள்ளிக்கெழமை எங்கூட வந்து அந்த வீட்டுல பேசு. என்ன பேசுனேன்னு எழுதி வெச்சுட்டுப் போ. அவனை நான் அடுத்த வாரம் அதே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, அக்கா பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக்கு நேரே இருவர் பெயரையும் எழுதினார்.